இடது பக்கம் அடிக்கச் சொன்னேன்

மாரீஸ்வரி என் தங்கை. இருபத்திரண்டு வயது, பிறவியிலேயே கண் தெரியாது, இந்தியப் பார்வையற்ற பெண்கள் கால்பந்து அணியில் ஏழாம் நம்பர். நான் பாண்டீஸ்வரி, காரைக்குடி செக்காலை ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஊரே சொல்லும், நானும் மறுத்ததில்லை.

வாய் இல்லாமல் அவளை வளர்த்திருக்க முடியாது. அம்மா விடிந்ததும் வயல் வேலைக்குப் போய்விடுவாள். "படி இருக்கு, காலைத் தூக்கு. அங்குட்டுப் போகாத, சாக்கடை" என்று மாரிக்கு வழி சொல்லிச் சொல்லியே நானும் வளர்ந்தேன். அவள் கால்பந்து பழகியபோதும் அப்படித்தான். இந்த ஆட்டத்தில் பந்துக்குள் மணி கிலுகிலுக்கும், அந்தச் சத்தத்தை வைத்து ஓட வேண்டும். கோல்கீப்பருக்கு மட்டும் கண் தெரியும். எதிரணிக் கோலுக்குப் பின்னால் கைடு என்று ஒருவர் நின்று, எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று குரல் கொடுப்பார். கோட்டையூரில் ஒரு காலி மைதானத்தில் ஆறு வருஷம் அந்தக் கைடு நான்தான். "இடது, கீழ, அடிடி" என்பேன். சொன்ன இடத்துக்குப் பந்து போகும்.

அப்படிப்பட்ட என்னை, இந்திய அணியின் பயிற்சி முகாமிலிருந்து ஒரே நாளில் ஊருக்கு அனுப்பிவிட்டார் பயிற்சியாளர் கார்த்திகேய சிவம். "டீமுக்குன்னு ஒரு கைடு இருக்காங்கம்மா. ரெண்டு குரல் வேணாம்" என்றார், அவ்வளவுதான்.

"நான் இல்லாம இவ எப்படி கோல் போடுறான்னு பாக்கத்தான சார் போறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஜப்பானில் ஆசியப் போட்டி. நம் பெண்கள் முதல் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள். இங்கே காரைக்குடியில், எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் என்னோடு வண்டி ஓட்டுகிற வீரபாண்டியன் அண்ணன் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து உட்கார்ந்தார். "அண்ணே, முதல்ல எந்திரிங்க. இன்னும் மூணு ஆட்டம் இருக்கு" என்று விரட்டினேன். இரண்டாவது ஆட்டம் டிரா. அதில் கிடைத்த பெனால்டியை மாரி நேராகக் கோல்கீப்பர் கையில் கொடுத்தாள். மூன்றாவதில் ஜெயித்து, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். எதிரே தாய்லாந்து. ஜெயித்தால் வெண்கலம், அதோடு உலகப் போட்டிக்கும் தகுதி. தோற்றால் ரெண்டும் இல்லை. என் தங்கை பெனால்டியை விட்ட பெண் என்ற பெயரோடு ஊர் திரும்புவாள். அந்தப் பெயர் அவளுக்கு வரக்கூடாது என்பது தவிர அந்த வாரம் என் மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை.

என்னால் சும்மா இருக்க முடியுமா. சவாரிக்கு நடுவே தாய்லாந்தின் பழைய ஆட்டங்களைப் போனில் தேடித் தேடிப் பார்த்தேன். அந்தக் கோல்கீப்பர் பெனால்டிக்கு மூன்று தடவை நின்றிருந்தாள். அடிக்கிறவள் பக்கமிருந்து பார்த்தால் மூன்று தடவையும் வலது பக்கம்தான் விழுந்தாள். ஆட்டத்தன்று காலையில் மாரியைப் போனில் கூப்பிட்டேன்.

"பெனால்டி கெடச்சா இடது பக்கம், தரையோட அடி. யார் என்ன சொன்னாலும் கேக்காத."

"சரிக்கா."

"என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு."

"இடது பக்கம், தரையோட" என்றாள். எனக்கு நிம்மதி. பதக்கம் பாதி கைக்கு வந்த மாதிரிதான்.

மத்தியானம் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடை டிவியில் ஆட்டத்தைப் போட வைத்தேன். ஆறேழு டிரைவர்கள் கூடிவிட்டார்கள். பார்வையாளர்கள் சத்தம் போடக்கூடாது, பந்துச் சத்தம் கேட்காமல் போய்விடும் என்று டிவியில் சொன்னதும், டீக்கடையிலும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நாம் இங்கே கத்தினால் ஜப்பானில் கேட்கவா போகிறது. ஆனாலும் டீ மாஸ்டர் கிளாஸைக் கூடப் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தார்.

பத்தாவது நிமிஷத்தில் தாய்லாந்து ஒரு கோல் போட்டது. வீரபாண்டியன் அண்ணன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நான் அசரவில்லை. நம் பெண்களும் அசரவில்லை. இடைவேளைக்குப் பிறகு அவர்கள் ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும். தடுப்பில் நின்ற ரெண்டு பேரும் மதில் மாதிரி நின்றார்கள். பந்து வரும் திசைக்கு முன்கூட்டியே போய் நின்றார்கள், மோதி விழுந்தார்கள், எழுந்து மறுபடி போய் நின்றார்கள். கேப்டன் சினேகா பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு மூன்று பேரைத் தாண்டிப் போய் வலைக்குள் அடித்தாள். ஒன்றுக்கு ஒன்று.

அந்த நேரம் பார்த்து தேனம்மை ஆச்சி வந்து நின்றார். வாடிக்கையாக என் ஆட்டோவில்தான் வருவார்.

"என்ன பாண்டீஸ்வரி, கோட்டையூர் வரியா?"

"ஆச்சி, அஞ்சு நிமிசம். என் தங்கச்சி ஆடுறா. இங்குட்டு உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். பையை மடியில் வைத்துக்கொண்டு ஆச்சியும் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். தாய்லாந்து கோல்கீப்பர் பதற்றத்தில் தன் கட்டத்தை விட்டு வெளியே வந்து பந்தைத் தொட்டுவிட்டாள். அது பெரிய தப்பு. நடுவர் பெனால்டி கொடுத்தார். சினேகா தானே அடிப்பாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் கையை நீட்டி மாரியின் தோளைத் தேடிப் பிடித்து, முன்னால் தள்ளிவிட்டாள்.

"போன தடவை விட்ட புள்ளையா?" என்றார் வீரபாண்டியன் அண்ணன், மெதுவாக.

"ஆமா. இந்தத் தடவை போடப்போற புள்ள" என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை. இடது பக்கம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேனே.

கைடு கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு கம்பியால் இரண்டு பக்கத்துக் கம்பங்களையும் தட்டிக் காட்டினாள். கோல் எவ்வளவு அகலம் என்று மாரிக்குத் தெரிவதற்கு. பிறகு ஒதுங்கிக்கொண்டாள். விசில் அடித்தது. மாரி உடனே அடிக்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு நின்றாள். நான் வாய்க்குள்ளேயே இடது, இடது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் வலது பக்கம் அடித்தாள்.

"அடியே, அங்குட்டு இல்லடி" என்று நான் டிவியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும்போதே கடையில் எல்லோரும் எழுந்து குதித்தார்கள். வீரபாண்டியன் அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கோலு விழுந்துருச்சு, யாரைத் திட்டுற?" அப்போதுதான் டிவியில் மறுபடி காட்டினார்கள். கோல்கீப்பர் இடது பக்கம் முழுதாக நீட்டி விழுந்து கிடந்தாள். பந்து வலது மூலையில் இருந்தது.

மிச்சமிருந்த நேரத்தை நம் தடுப்புக்காரிகள் பார்த்துக்கொண்டார்கள். இரண்டுக்கு ஒன்று. வெண்கலம், உலகப் போட்டி, எல்லாம். ஆச்சி தன் பையிலிருந்த சீப்பு வாழைப்பழத்தைப் பிய்த்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

அரை மணி நேரத்தில் மேனேஜர் போனிலிருந்து மாரி கூப்பிட்டாள்.

"அக்கா, பாத்தியா?"

"பாத்தேன்டி என் தங்கமே. ஆனா இடது பக்கம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"பிறகு ஏன் வலது பக்கம் அடிச்ச?"

"கைடு ஒதுங்குனதும் கிரவுண்டே கம்முனு ஆயிருச்சுக்கா. கோல்கீப்பர் ஷூ தரையில உரசுறது கேட்டுச்சு. அவ முன்னாடியே இடது பக்கம் நகந்துட்டா. அதான் மாத்தி அடிச்சேன்."

ஆட்டோவின் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்னபடி அடித்திருந்தால் பந்து நேராக அவள் கைக்குப் போயிருக்கும்.

"அந்தச் சத்தமெல்லாம் உனக்கு எப்பருந்துடி கேக்குது?"

"முகாம்லருந்து." கொஞ்சம் தயங்கினாள். "கோட்டையூர்ல கேட்டதில்லக்கா. நீ பேசிக்கிட்டே இருப்பியா, அதான்."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆறு வருஷம் வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்தியவள் நான். ஆனால் என் தங்கை எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்திருக்கிறாள், அதை வைத்து ஒரு நாட்டையே ஜெயிக்க வைத்துவிட்டாள் என்று நினைத்ததும் அந்த வலியை விடப் பெரிதாக நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அக்கா, லைன்ல இருக்கியா? கோபமா?"

"இல்லடி."

"பின்ன ஏன் பேச மாட்டேங்குற?"

"நீ பேசு" என்றேன். "அங்க இன்னும் என்னென்ன கேட்டுச்சு, எல்லாத்தையும் சொல்லு."