டிஸ்சார்ஜ் இருக்கா?

“டிஸ்சார்ஜ் இருக்கா?” என்று கேட்டபடியே கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றாள் நர்ஸ் அமலா. கேள்வி கேட்டால் பதிலுக்கு நின்று நிதானிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அவளைச் சொல்லியும் குற்றமில்லை, மாடி முழுக்க அவள் ஒருத்திதான். கட்டிலில் கிடந்த அய்யப்பனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி சூர்யகலா, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக எழுந்தாள். வீட்டுக்கு அனுப்பும் பேச்சை ஆஸ்பத்திரிக்காரர்களே எடுக்கிறார்களே என்று அவளுக்கு வாயெல்லாம் பல்.

“இல்லீங்க சிஸ்டர். நேத்துகூட டாக்டரு இல்லன்ட்டாரு.”

“இல்லதான?” கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டு அமலா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம் அவர்களுக்கு. வலையில் விழுந்த திருக்கையைத் தட்டிவிடப் போய், அதன் முள் அய்யப்பனின் குதிகாலில் ஏறியது. சர்க்கரை உள்ள உடம்பு. மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடியும் கடலுக்குப் போனான் மகராசன். கால் பூசணிக்காயாக வீங்கிய பிறகுதான் திண்டிவனத்துக்கு வரச் சம்மதித்தான். இங்கே கீறிச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டார்கள். எதிர்க்கட்டிலில் கோதண்டபாணி என்று ஒரு விவசாயி. அவருக்கும் சர்க்கரைதான். அவருடைய வலது கால் கணுக்காலுக்கு மேலேயே முடிந்திருந்தது, தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். சூர்யகலா அந்தப் பக்கம் திரும்பாமலேதான் சோறு போடுவாள்.

கையைக் கழுவிவிட்டு வந்து போர்வையை உதறும்போது பார்த்தாள். கட்டின் ஓரம் மஞ்சளாக நனைந்திருந்தது. குனிந்து மோந்தாள். கூடையில் ஒரு மீன் கெட்டிருந்தால் எட்ட நின்றே சொல்லிவிடுகிறவள் அவள். இந்த வாடை அதைவிட மோசம்.

“இன்னாங்க இது?”

“மருந்து.” அய்யப்பன் போர்வையைப் பிடுங்கிக் காலை மூடினான். “நீ வாயத் தொறக்காத. சொன்னன்னா மறுபடியும் கட்டிப் போட்டுருவானுங்க. அங்க கவலை பட்டுக்கினு கெடக்குது. சிங்காரம் போனு மேல போனு போட்டுக்கினு கீறான்.”

கவலை என்று அவன் சொன்னது மீனை. கவலை மீன் பட்டால் குப்பத்தில் ஒருவருக்கும் கவலை இருக்காது. சிங்காரம் படகில் அவன் கூட்டாளி. காலில் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு நாளைக்கே ஏறிவிடுவதாக அய்யப்பன் அவனிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சூர்யகலாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் வீட்டுக்குப் போகிற ஆசை அவளுக்கும்தான் இருந்தது. மருந்தாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள முடிந்தது, நம்ப முடியவில்லை.

மத்தியானம் டாக்டர் வந்தார். கீழே ஆப்பரேஷனுக்கு ஒருவரைப் படுக்க வைத்துவிட்டு வந்த அவசரம் அவருக்கு.

“டிஸ்சார்ஜ்?”

அமலா கேஸ் ஷீட்டைப் பார்த்தாள். “இல்ல சார்.”

“குட். நேத்து நான் பிரிச்சப்பவே காஞ்சுதான் இருந்துச்சு. டிஸ்சார்ஜ் இல்ல, காய்ச்சல் இல்ல. டிஸ்சார்ஜ் பண்ணிடலாம். கட்டு ஊருலயே மாத்திக்கட்டும்.”

அவர் படியிறங்குவதற்குள் அய்யப்பன் போனைக் காதில் வைத்துவிட்டான். சூர்யகலா நின்ற இடத்திலேயே நின்றாள். டிஸ்சார்ஜ் இல்லை என்றால் இங்கேயே கிடக்க வேண்டும். டிஸ்சார்ஜ் பண்ணினால் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்கிறார்? அவருக்குக் கிறுக்கா, இல்லை தனக்கா? அமலாவின் பின்னாலேயே வாசல்வரை ஓடினாள்.

“சிஸ்டர், இல்லாதத எப்பிடிங்க பண்ணுவீங்க?”

“என்னக்கா?”

“டிஸ்சார்ஜ் இல்லன்றாரு. அப்பால டிஸ்சார்ஜ் பண்றேன்றாரு.”

அமலா சிரித்துவிட்டாள். “ஐயோ, அது வேற இது வேறக்கா. டிஸ்சார்ஜ் பண்றதுன்னா வீட்டுக்கு அனுப்புறது. டிஸ்சார்ஜ் இருக்கான்னா புண்ணுலருந்து சீழு கீழு வருதான்னு கேக்கறது. காலையில நீங்கதான இல்லன்னீங்க?”

சூர்யகலா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “சீழுன்னு கேட்டா எனக்குத் தெரியாதா? அந்த வார்த்தைக்கு இன்னா கேடு வந்துச்சு?”

திரும்பிப் பார்த்தாள். அய்யப்பன் போனைக் கீழே இறக்கிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினான். கண்ணில் கோபமும் கெஞ்சலும் இருந்தன. காலையில் அவள் சொன்னது பொய்யில்லை. இப்போது இல்லை என்றால் அது பொய். அதுவரை பார்க்காத எதிர்க்கட்டிலை அவள் நன்றாகப் பார்த்தாள்.

“இருக்குது சிஸ்டர்” என்றாள். “நெறைய இருக்குது.”

அமலாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. டாக்டருக்குச் சொல்ல ஆள் ஓடியது. கத்தரிக்கோலும் தட்டுமாக அமலா வந்து போர்வையை விலக்கினாள். அய்யப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பெண்டாட்டியின் முகத்தில் விழிக்கிற உத்தேசம் அவனுக்கு இல்லை.

“கவலப்படாதீங்கண்ணே” என்றாள் அமலா. வல்லத்தில் மல்லாட்டைக் காட்டு வேலைக்கு நடுவே, வேர்க்கடலை தெரிந்து மீன் தெரியாமல் வளர்ந்த பெண் அவள்.

“அது நான் இல்லாமயே படுதும்மா” என்றான் அவன் சுவரிடம்.

அமலாவுக்குப் புரியவில்லை. சூர்யகலாவின் முகத்தைப் பார்த்தாள். சூர்யகலா கட்டில் பக்கம் குனிந்தாள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள். விரல் சில்லென்று இருந்தது. கத்தரிக்கோல் ஈரத்துணிக்குள் இறங்கியது. மெத்தையில் கிடந்த போன் அதிர்ந்தது, சிங்காரம்தான்.

“வலிக்குதா?” என்று கேட்டு விரலை அழுத்தினாள்.

கோபத்தில் பேசாமல் கிடக்கிறானா, தொட்டதே தெரியவில்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. நகம் பதிய இன்னும் அழுத்தினாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.