அலசாத துணி

"மலைக்கு நடந்துக்கினு போனா டைபாய்டு ஓடிடுமா மாமா?" என்று கேட்டான் என் மைத்துனன் சுமதிநாதன். அறுபத்தேழாம் வருஷம் மாசி மாதம், விடியற்காலை. நான் மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தேன். பதில் சொன்னால் சண்டை வரும். தெருவில் இறங்கினேன்.

என் மகள் மதனவதிக்கு ஒன்பது வயது. பதினெட்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். "இந்த வாரம் தாண்டணும்" என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொண்டார். காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் ஜைன முனிவரின் பாதம் இருக்கும் பொன்னூர் மலைவரை தனியாக நடப்பது, வழியில் ஓர் உயிருக்கும் தீங்கு செய்யாமல் போவது. இதுதான் என் வேண்டுதல். "அப்பா மலைக்குப் போய்ச் சேந்ததும் உனக்கு ஜுரம் விட்டுடும்" என்று அவளிடம் வேறு சொல்லி வைத்திருந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே!

உண்மையில் வேண்டுதல் பாதி, ஓட்டம் பாதி. அவள் முனகலைக் கேட்டுக்கொண்டு உட்கார எனக்குத் தெம்பில்லை. என் மனைவி திரிசலா உட்கார்ந்திருந்தாள்.

செவிலிமேட்டில் ஒரு வயல் கிணற்றில் நீர் இறைத்து, துணியில் வடிகட்டிச் செம்பை நிரப்பினேன். மனசுக்குள் மைத்துனனுக்குச் சுடச்சுடப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறுமுன் பாலாற்று மணலைக் கடக்க வேண்டும். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினேன்.

ஆற்றைத் தாண்டியதும் புளியமரச் சாலை. வந்தவாசி பஸ் ஹாரன் அடித்து என்னை ஓரம் கட்டியது. எறும்புச் சாரையைக் கண்டால் சுற்றிப் போனேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இரவு ஏதாவது மரத்தடியில் ஜமுக்காளம் விரிப்பதாகத் திட்டம். உச்சிவேளையில் ஓர் ஏரிக்கரையில் மூன்று கல் கூட்டி, உலைக்கு நீர் வடிகட்டத் துணியை எடுத்தேன். அப்பளமாகக் காய்ந்திருந்தது.

எங்கள் ஜைன வீடுகளில் வடிகட்டுவதோடு வேலை முடியாது. நீர் எடுத்த இடத்திலேயே துணியைத் திருப்பி அலசிவிட வேண்டும். அதில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தம் நீருக்கே திரும்ப வேண்டும். வேட்டி கட்டத் தெரியுமுன் கற்ற பழக்கம். இன்றைக்குப் பார்த்து மறந்திருந்தேன். அத்தனை உயிரையும் தோளில் போட்டு வெயிலில் உலர்த்தியிருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆடு மேய்த்த ஒருத்தி நின்று பார்த்தாள்.

"இன்னாபா, வூட்ல யாராச்சும் பூட்டாங்களா?"

"இல்லமா!" என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோய் நகர்ந்தாள்.

சமைக்கவில்லை. வந்த வழியே திரும்பினேன். அந்தக் கிணற்றிலேயே அலசிவிட்டு, நாளைக்கு முதலிலிருந்து தொடங்கலாம். செத்தது பிழைக்காது என்று தெரியும். ஆனாலும் கால் முன்னே போக மறுத்தது.

கிணற்றடியில் துணியை அலசி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டியபின் எங்களுக்குச் சாப்பாடும் ஆகாது. வரப்பில் ஜமுக்காளத்தை விரித்தேன். வீடு ஒரு மணிநேர நடைதான். அவள் அவ்வளவு அருகில் கிடக்க என்னால் அங்கே படுக்க முடியவில்லை. சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். திரிசலா என்னை ஏறிட்டுப் பார்த்தாள், நகர்ந்து இடம் விட்டாள். மதனவதியின் கையைத் தொட்டேன். காலையில் இருந்ததைவிடச் சூடு. கண்ணைத் திறந்தாள். எத்தனை நாள் போயிற்று என்ற கணக்கெல்லாம் அவளுக்கு எப்போதோ தப்பிவிட்டது.

"மலைக்குப் போயிட்டு வந்துட்டியாபா?"

திரிசலா என்னையே பார்த்தாள். பொய்யும் எங்களுக்கு விலக்குதான்.

"வந்துட்டேன்மா."

"அப்போ காலையில எனக்கு சரியாப்பூடும்" என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

விடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.