கடைசி ஃபிரேமில் ஒரு கால்விரல்

1

இந்தக் கதை எதிர் மேசையிலிருந்து எனக்குக் கிடைத்தது. வர்னா என்ற கடலோர நகரத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், வீடியோக்களை ஓட்ட உதவும் ஒரு நிரல் நூலகம் தயாராகிறது. யார் எதை மாற்றினாலும் தானியங்கிச் சோதனை எல்லா மாதிரி வீடியோக்களையும் ஓட்டிப் பார்க்கும். ஒவ்வொன்றின் விளைவையும் ஓர் எண்ணாகச் சுருக்கி, முன்பே பதிந்து வைத்த எண்ணோடு ஒப்பிடும். பொருந்தினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. வீடியோவை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "கடலோர நகரமொன்றில் எந்திரங்கள் கனவு கண்டு..." அடித்துவிட்டேன். இந்த வாரம் படித்த மொழிபெயர்ப்பு நாவலின் வாடை அது.

2

பழைய போன்களிலும் வீடியோ திக்காமல் ஓட ரலிட்ஸா ஒரு மாற்றம் எழுதியிருந்தாள். நண்பகலுக்குள் அது சேர்ந்தால் இந்த வெளியீட்டில் வரும். சேராவிட்டால் மாதக் கடைசியில் முடியும் அவளுடைய வேலை ஒப்பந்தத்தை யாரும் நீட்டிக்கப் போவதில்லை.

ஒரே ஒரு சிவப்பு.

"தப்பு என் பக்கம் இல்ல அண்ணா," என்றாள் குழுத் தலைவர் யாவோரிடம்.

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. பத்து வருஷமா பச்சையா இருந்தது, உன்னப் பாத்ததும் வெக்கப்பட்டுச் சிவந்துடுச்சா?"

"அந்த எண்ணப் பதிஞ்சது யாரு?"

யாவோர் கையிலிருந்த பனிட்சாவை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அந்த ஊர்ப் பலகாரத்தை, ஒரு கடி கடித்தார். பதிந்தவர் அவரே.

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன். வாயெல்லாம் பனிட்சாத் தூளோடு இருப்பவர் ஒத்துழைக்கவில்லை.)

3

"அந்த வீடியோவப் பாத்திருக்கீங்களா?"

"எதுக்கு? அதுக்குத்தானே சோதனை வெச்சிருக்கோம்."

ரலிட்ஸா ஓட்டினாள். ஒரு சிறுமி பாறையிலிருந்து கடலுக்குத் தாவுகிறாள். பழைய நிரலில் அவள் அந்தரத்தில் இருக்கும்போதே படம் முடிகிறது. புதியதில் கூடுதலாக ஒரே ஒரு ஃபிரேம்: கால்விரல் தண்ணீரைத் தொடுகிறது.

"பாவம், இத்தன வருஷமா தொங்கவிட்டிருக்கீங்க."

"கோப்பே அங்க அறுந்திருக்கலாம். மிச்சத்த உன் நிரல் குத்துமதிப்பா ஒட்டியிருக்கும்."

"கால்விரலையா? அவ்ளோ கெட்டிக்காரியா இருந்தா உங்ககிட்ட எதுக்கு நின்னு கெஞ்சறேன்?"

யாவோர் மறுபடி ஓட்டச் சொன்னார். பிறகு இன்னொரு முறை.

4

எங்களிடம் ஒரு கட்டளை உண்டு. இப்போது வரும் விளைவையே சரியானதாகப் பதிந்துகொள்ளச் சொல்லும் ஒற்றை வரி. பழைய எண்தான் தவறு என்று கண்டுபிடித்தவர்கள் அதைத்தான் அடிப்பார்கள். நேரமாகிறதே என்று சிவப்பை மறைப்பவர்களும் அதையேதான்.*

* புதிதாக வருபவர்களிடம் முதலில் சொல்வது: அந்த வரியைத் தொடாதே. அடுத்து கற்றுத்தருவது அந்த வரியை.

நண்பகலுக்குச் சற்று முன் யாவோர் குனிந்து அந்த வரியை அடித்தார். பச்சை.

"நம்பித்தான் அடிச்சீங்களா அண்ணா? இல்ல, போனாப் போகுதுன்னா?"

"பச்சைதானே கேட்ட?"

முடிவு ஒன்று: அவள் தண்ணீரைத் தொட்டதை அவர் நம்பினார். முடிவு இரண்டு: கடிகாரத்தைப் பார்த்தார், ரலிட்ஸாவின் மீது இரக்கப்பட்டார்.

இரண்டுக்கும் பச்சை ஒன்றுதான். அந்த நேரத்தில் அவர் எனக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தார். ரலிட்ஸாவுக்கு மட்டும்தான் முகம் தெரிந்தது. அவள் அதையே பார்த்தபடி இருந்தாள், நன்றி சொல்லவில்லை. நீங்கள் அவள் நாற்காலியில் உட்காருங்கள். அவர் முகத்தில் என்ன இருந்ததென்று எனக்குச் சொல்லுங்கள்.