பெருக்கல் குறி

ஓய்வு பெற்ற பிறகும் பெரியவர் உலர்தாவரக் கூடத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. சம்பளம் கிடையாது, ஒரு நாற்காலி மட்டும் உண்டு. கழுத்துவரை பொத்தான் போட்ட கஞ்சிச் சட்டையோடு, இரும்பு அலமாரிகளுக்கு நடுவே முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பார். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டும் பசைக்காரம்மா ஒருத்திதான் அவரிடம் பயமில்லாமல் பேசுவாள்.

அன்று காலை வாசலில் வந்து நின்றவனைப் பார்த்ததும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

வந்தவன் அவருடைய மகளின் கணவன். மருமகன் என்று அவர் வாய் ஒருநாளும் சொன்னதில்லை. மரபணு ஆய்வகத்தில் வேலை, படிப்பு, நடத்தை எதிலும் குறை சொல்ல முடியாது. குடும்பம்தான் ஒத்துவரவில்லை. "இந்தப் படியை விட்டு இறங்கினா இறங்கினதுதான்" என்று மகளிடம் சொன்னார். அவளும் அவர் பெற்ற பிள்ளைதானே, இறங்கிவிட்டாள். மூன்றாம் வருடம் ஒரு விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

போனவளுக்கு அவர் செய்தது ஒன்றே ஒன்று. கல்லூரியில் படிக்கும்போது அவள் முகத்துவாரச் சேற்றில் ஒரு கண்டல் மரத்தைக் கண்டுபிடித்துக் கிளை ஒடித்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தச் சதுப்புக்காட்டில் இரண்டு வகைக் கண்டல் உண்டு. கடல் வாயில் நிற்பது அகன்ற இலையும் கொத்துக் கொத்தாகப் பூவுமாக இருக்கும். உள்கழியில் நிற்பதற்குக் கூரிய இலை, காம்புக்கு இரண்டே பூ. இந்த மரம் இரண்டிலும் சேராமல், இரண்டையும்விட உயரமாக நடுவில் தனியே நின்றது. மகள் இறந்த பிறகு பெரியவர் அதைப் புதிய இனம் என்று எழுதி, அவள் பெயரையே சூட்டினார். உலகத்தில் எங்கே கண்டல்களைப் பட்டியலிட்டாலும் அவர் வீட்டுப் பெண்ணின் பெயர் அதில் வரும்.

"அந்த மரத்தைப் பத்திப் பேசணும்" என்றான் வந்தவன்.

"பேசுங்க."

"வந்தவரை நிக்க வச்சே காயப்போடுறீங்களே ஐயா, தாள்ல ஒட்டறதுக்கா?" என்றாள் பசைக்காரம்மா.

"நீ உன் வேலையைப் பாரு."

"என் வேலையே காஞ்சதைப் பார்க்கறதுதானே" என்று முணுமுணுத்தபடி அவள் முக்காலியை இழுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"அது தனி இனம் இல்லைங்க. பக்கத்துல நிக்கிற ரெண்டு கண்டலுக்கும் பொறந்தது. பாதி அது, பாதி இது. திரும்பத் திரும்பச் சோதிச்சுட்டேன்."

பெரியவருக்குக் காது மடல் சூடேறியது. "என் தலை நரைச்சதே அந்தச் சேத்துலதான். எனக்குப் பாடம் நடத்த வந்தீங்களா?"

"இல்லைங்க. இப்படிக் கலந்து பொறந்தது பெரும்பாலும் காய்க்காது. அதுல காய் முத்தித் தொங்கி நீங்க பார்த்திருக்கீங்களா?"

கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல நீண்டு தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து வேர்விடும். பெரியவர் பருவம் தவறாமல் படகில் போய்ப் பார்த்தவர். அந்த மரம் பூத்துக் குலுங்கும். பிஞ்சிலேயே எல்லாம் உதிர்ந்துவிடும். அடியில் ஒரு கன்றுகூட இருக்காது. கடைசியில் போவதையே விட்டுவிட்டார்.

"நண்டு தின்னிருக்கும்" என்றார்.

"கீழ விழுந்ததைத்தாங்க நண்டு தின்னும். மேல தொங்கவே இல்லையே."

அவன் ஓரடி முன்னால் வந்தான்.

"நான் இதை வெளியிடப் போறதில்ல, மாமா. அதைச் சொல்லத்தான் வந்தேன். அவ பேரு இருக்கறபடியே இருக்கட்டும்."

மாமா என்ற சொல் அந்தக் கூடத்தில் அதற்குமுன் கேட்டதில்லை. பசைக்காரம்மா கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள்.

"என் வீட்டுப் பிள்ளை பேரு அடுத்தவங்க தயவுல நிக்கணுமா?" பெரியவர் எழுந்துவிட்டார். "நீ மூடி வச்சா நாளைக்கு இன்னொருத்தன் திறப்பான். அப்போ ஊர் சிரிக்கும். என்னைப் பார்த்துச் சிரிச்சாத் தாங்கிக்குவேன். அவளைப் பார்த்துல்ல சிரிப்பாங்க. வெளியிடு."

"பேரு அழிஞ்சு போகாதுங்க. கலப்பினம்னு காட்ட நடுவுல ஒரு பெருக்கல் குறி போடுவாங்க. அவ்வளவுதான்."

"தெரியும்." அலமாரிப் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அவளுக்குத் தெரியுமா?"

"முதல்ல சொன்னதே அவதான். கல்யாணமான புதுசுல என்னைப் படகுல கூட்டிட்டுப் போய்க் காட்டினா. மகரந்தத்தை எடுத்துப் பார்த்தோம், முக்காவாசி சூம்பிக் கிடந்துச்சு. 'அப்பாகிட்டச் சொல்லணும். முதல்ல எகிறுவாரு, அப்புறம் அவரே உக்காந்து பார்த்துட்டு ஒத்துக்குவாரு'ன்னா. ரெண்டு தடவை உங்க வீட்டுக்கு வந்தா மாமா."

வந்தாள். அது அவருக்குத் தெரியும். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு, அழைப்புமணி அடித்து ஓயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தவர் அவர்தானே. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள், இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்று நினைத்திருந்தார். ஒரு மரத்தைப் பற்றிச் சொல்ல வந்திருப்பாள் என்று தோன்றவே இல்லை.

அவரே அலமாரியைத் திறந்து, மகள் ஒடித்து வந்த கிளை ஒட்டியிருந்த மாதிரித் தாளை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். தாவரத்தின் பெயர் மாறினால் தாளிலுள்ள பழைய பெயர்ச்சீட்டைக் கிழிக்கும் வழக்கம் கூடத்தில் இல்லை. பக்கத்தில் புதிய சீட்டு ஒன்றை ஒட்டுவார்கள். திருத்திய பெயர் மேலே, அதை இனங்கண்டவர் பெயர் கீழே.

"எழுது" என்று பேனாவை அவனிடம் நீட்டினார். "எனக்குக் கை சரியில்ல."

அவன் எழுதினான். பெருக்கல் குறி நடுவில் வந்து உட்கார்ந்தது. கீழ்வரியில் தன் பெயரைத் தொடங்கப் போனவனைப் பெரியவர் தடுத்தார்.

"கண்டுபிடிச்சது அவ. அவ பேரைப் போடு."

பேனா தாளைத் தொடாமல் நின்றது. "எந்த இனிஷியல் மாமா?"

பசைக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் அப்போதும் நிமிர்ந்தே நின்றார். குரல்தான் எங்கோ அடியிலிருந்து வந்தது.

"உன்னோடது."

அவன் எழுதி முடித்துச் சீட்டை அவர் பக்கம் திருப்பினான். மகள் கடைசி மூன்று வருடம் தன் பெயரை எப்படி எழுதிவந்தாள் என்பதைப் பெரியவர் முதன்முதலாகப் படித்தார்.