முதல் எண்ணில் திவ்யலட்சுமி

1

இந்தக் கதையை நான் ஸ்வப்னாவிடமிருந்து திருடினேன். படுக்கையில் விழுந்த நோயாளிகளை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் சின்ன அறக்கட்டளை ஒன்று திருவனந்தபுரத்தில் இருக்கிறது. அவள் அங்கே நர்ஸ். நான் வாரத்தில் இரண்டு நாள் போய்க் கடிதம் எழுதிக்கொடுப்பவன். வேன் கிளம்பும் முன் டீ குடித்தபடி சொன்னாள். முடிவில், "இதை எழுதண்டா, கேட்டோ" என்றாள். எழுதுகிறவனிடம் எழுத வேண்டாம் என்று சொல்வது பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பதுதான்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'அன்று காலை கரமனை ஆற்றின் மேல் மேகம்...' ஆற்றுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

'உமாசங்கர் மனைவியை இழந்தவர்.' இப்படித் தொடங்கினால் நீங்கள் இப்போதே உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

மூன்றாவது, கம்ப்யூட்டரே சொன்னது: 'இணைப்புகள் மிக அதிகம்.' இதை வைத்துக்கொள்கிறேன்.

2

உமாசங்கர் வலியசாலைக்காரர். ஆறு வருடத்துக்கு முன் அறக்கட்டளைக்காகப் பைத்தான் மொழியில் ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதிக்கொடுத்தார். தினமும் காலை ஏழு மணிக்கு அது தரவுத்தளத்தோடு இணைந்து, அன்றைய பகுதியில் உயிரோடு இருக்கும் நோயாளிகளை எடுக்கும். யாரைப் பார்த்து அதிக நாளாயிற்றோ அவரை மேலே வைத்துப் பன்னிரண்டு பெயரை ஸ்வப்னாவின் போனுக்கு அனுப்பும். பகுதிக்கு முப்பது நாற்பது பேர் இருப்பதால் ஒருவரின் முறை வர மூன்று வாரம் ஆகும். மருந்துப்பெட்டியில் பன்னிரண்டு அறைதான். பட்டியலில் இல்லாத பெயருக்கு அங்கே வலி மருந்து தரமாட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பட்டியல் வரவில்லை.

"சாரே, லிஸ்ட் வந்நில்ல. எட்டு மணிக்கு வண்டி எடுக்கணும்."

உமாசங்கர் சட்டையை மாட்டிக்கொண்டு அறக்கட்டளைக்கு ஓடினார். வழக்கமாகச் சந்தேகத்துக்கு உள்ளாகிறவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார். சர்வர் ஓடுகிறதா? ஓடுகிறது. கடவுச்சொல்? சரி. புதன்கிழமைதான் எல்லாவற்றையும் புது சர்வருக்கு மாற்றியிருந்தார்கள். முகவரி பழையதோ? இல்லை. நிர்வாகிக்கென்று எப்போதும் ஒதுக்கிவைத்திருக்கும் ஒரே ஒரு இடத்தின் வழியாக உள்ளே போய், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்.

நூற்றைம்பத்தொரு இணைப்புகள், அதற்கு மேல் அந்த சர்வர் யாரையும் உள்ளே விடாது. அத்தனையும் அவருடையவை.

புது சர்வர் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் முந்தின நாள் மாலை ஒரு குட்டி நிரலை ஓடவிட்டிருந்தார். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இணைந்து அது ஒரே கேள்வியைக் கேட்கும்: முதல் எண்ணில் இருப்பது யார்? பெயர் வந்தால் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று பொருள். கேட்டு முடித்ததும் இணைப்பை மூட வேண்டிய வரியை எழுத மறந்துவிட்டார். ஆபீசில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் 'திறந்தால் மூடு' என்று பாடம் நடத்துகிறவர். ஊருக்குத்தான் உபதேசம்.

[மூடாத இணைப்பு. இதை உவமையாக்கக் கை துறுதுறுக்கிறது. செய்யமாட்டேன். அது வெறும் மறதி.]

நூற்றைம்பத்தொரு தடவையும் ஒரே பதில் வந்திருந்தது. திவ்யலட்சுமி.

3

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆறு வருடத்துக்கு முன் நிரலைச் சோதித்துப் பார்க்க முதல் நோயாளி எண்ணில் ஒரு பெயர் வேண்டியிருந்தது. யார் பெயரைப் போடுவது என்று யோசிக்கவே இல்லை, சமையலறையில் நின்ற மனைவியின் பெயரைப் போட்டார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு வேற ஆளே கிட்டலியா? குத்துக்கல்லு மாதிரி நிக்கேன், என்னைப் போயி சீக்காளியா எழுதி வச்சிருக்கியளே!"

இருவரும் சிரித்தார்கள். நாலு வருடம் கழித்து அவளுக்கு நோய் வந்தபோது புது எண் தேவைப்படவில்லை. ஸ்வப்னா அந்த முதல் எண்ணுக்கே மருந்து கொண்டுபோனாள்.

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. 'நிலை' என்ற கட்டத்தில் ஒன்று இருந்தால் உயிரோடு இருக்கிறார், பூஜ்யம் என்றால் இல்லை. அதை மாற்ற வேண்டியவர் உமாசங்கர். மாற்றவில்லை. இறப்புப் படிவம் அவர் மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது. ஒரு எண் இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தார். பாவம், அப்படித்தான் நானும் நினைத்திருப்பேன்.

4

இணைப்புகளை அறுத்ததும் பட்டியல் வந்தது. அவளைப் பார்க்க யாரும் போவதில்லை என்பதால், பார்த்து அதிக நாளானவள் அவள்தான். முதல் பெயராக வந்து நின்றாள்.

"எல்லா வெள்ளிக்கிழமையும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

ஸ்வப்னா தலையைக் குனிந்துகொண்டாள். "வீடு பூட்டியிருந்துன்னு எழுதி மருந்தைத் திருப்பி வைப்பேன். எட்டு மாசமாச்சு சாரே. எனிக்கு இனி வய்யா, பொய் எழுத முடியல."

அப்போது மேசைப் போன் அடித்தது. கிள்ளிப்பாலத்தில் வாடகை அறையில் இருக்கும் கட்டட வேலைக்காரர் வன்னியராஜ்.

"சார், போன வெள்ளியும் வரல, அதுக்கு முந்தின வெள்ளியும் வரல. எம் பொஞ்சாதி வடிவுக்கு மருந்து தீந்து நாலு நாளாச்சு. துணியைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கா. இன்னைக்கு வருவீகளா?"

(வன்னியராஜ் இவ்வளவு பணிவாகப் பேசினாரா என்று எனக்குச் சந்தேகம். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு வரைவில் திட்டவும் வைத்தேன். பொருந்தவில்லை. திட்டினால் வராமல் போய்விடுவார்களோ என்ற பயம் அவருக்கு.)

உமாசங்கர் பன்னிரண்டுக்குக் கீழே வெட்டுப்பட்ட பெயர்களைப் பார்த்தார். வடிவம்மாள் பதின்மூன்றாவது.

5

முடிவுகள்.

ஒன்று: பன்னிரண்டைப் பதின்மூன்றாக்குவது. இதை நீங்கள் முன்பே யோசித்திருப்பீர்கள். அவரும் தட்டச்சு செய்தார். ஸ்வப்னா மருந்துப்பெட்டியைத் திறந்து காட்டினாள். பன்னிரண்டு அறை. ஒன்றில் எப்போதும்போல திவ்யலட்சுமியின் மருந்து இருக்கும், மாலையில் திரும்பி வரும். ஸ்வப்னா மறுபடியும் பேனாவை எடுத்துப் பொய் எழுத வேண்டும். அழித்துவிட்டார்.

இரண்டு: திவ்யலட்சுமி கனவில் வந்து 'மாத்திருங்க' என்று சொல்வது. வெட்கமில்லாமல் ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். செத்தவர்கள் நம் வசதிக்கு வந்து அனுமதி தருவதில்லை.

மூன்றாவதில் அவர் அந்த வரியை எழுதிவிட்டார். முதல் எண்ணின் நிலையைப் பூஜ்யமாக்கு. ஒரு வரிதான். பெயர் அழியாது, எண் அழியாது, இனி எப்போது கேட்டாலும் 'திவ்யலட்சுமி' என்றே பதில் வரும். அவளைப் பார்க்க மட்டும் யாரும் கிளம்பமாட்டார்கள். என்டர் பொத்தானின் மேல் விரல் இருக்கிறது. கண் நிறைந்து வரி தெரியவில்லை. மணி ஏழு ஐம்பது. வேன் டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

அதன்பின் நடந்ததை ஸ்வப்னா சொன்னாள். நான் எழுதவில்லை. ஒரு வாரமாக இந்த ஏழு ஐம்பதிலேயே கதையை நிறுத்திவைத்து, விரலைப் பற்றி இன்னொரு வாக்கியம், ஹாரனைப் பற்றி இன்னொன்று என்று நீட்டிக்கொண்டிருந்தேன். என் கதைக்குள் திவ்யலட்சுமி இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று. நேற்றுதான் உறைத்தது. எட்டு மாதமாக உமாசங்கர் செய்ததைத்தான் நானும் செய்கிறேன். நான் நீட்டும் ஒவ்வொரு வரிக்கும் கிள்ளிப்பாலத்தில் ஒருத்தி துணியைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள்.

விரல் இனி உங்களுடையது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வண்டி எட்டு மணிக்கு.