புலி ஏறாத கூரை

தெருவுக்குப் பொதுவான அறிவிப்பு அட்டை காலைல ஏழே காலுக்குத்தான் மித்சுயோ வீட்டுக்கு வந்துச்சு. வழக்கமா புலித் திருவிழாவுக்கு மூணு நாள் முன்னாடியே வந்துடும். ஒரு வீட்ல படிச்சு, படிச்சதுக்கு அடையாளமா முத்திரை குத்தி, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும், அதுதான் முறை. இந்த வருஷம் ஊரெல்லாம் சுத்திட்டு, திருவிழா அன்னிக்கு, கடைசியா அவ கைக்கு வந்துருக்கு. கொண்டுவந்தது பக்கத்து வீட்டு கோரைப்பாய்க் கடை ஒனோதெராவோட பொண்டாட்டி சிசுரு. "மறந்தே போச்சு மித்சுயோ, தப்பா நெனச்சுக்காத"ன்னு வாசப்படியில வச்சுட்டு, முகத்தைப் பாக்காம ஓடிட்டா.

புலி ஏறப்போற கூரைங்க வரிசையா எழுதியிருந்துச்சு. மூணு, ஒனோதெரா பாய்க்கடை. நாலு, சகுமா சைக்கிள் கடை. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் மித்சுயோ வீடு இருக்கு. மூணு தடவை படிச்சா. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. வெறும் கோடு.

ஏப்ரல் மாசம் மலையிலேர்ந்து எறங்குற காத்து அந்த ஊரை ஒரு காலத்துல மொத்தமா எரிச்சுருக்கு. காத்து புலி சொன்னாத்தான் கேக்கும்னு அப்போலேர்ந்து நம்பிக்கை. புலி வேஷம்னா ஒரே துணித் தோலுக்குள்ள ரெண்டு ஆளு, ஒருத்தன் தலை, ஒருத்தன் வாலு. ஏணி போட்டுக் கூரைல ஏறி, மேளத்துக்கும் குழலுக்கும் ஆடி, காத்தை அடக்கிட்டு அடுத்த கூரைக்குப் போவாங்க. மித்சுயோ புருஷன் ஷிகேஹரு பத்தொன்பது வருஷம் புலியோட தலையா இருந்தவரு. போன வருஷம் இதே நாள், அவரு சாராயக்கடைக் கூரை மேல ஆடிக்கிட்டு இருந்தப்பதான் அவரு வீட்டுலேர்ந்தே புகை கெளம்புச்சு. சமையக்கட்டும் அதை ஒட்டின சாமி ரூமும் போச்சு. காத்துல பறந்த பொறி ஒனோதெராவோட கோரைக் கொட்டகையத் தின்னுடுச்சு. உசுருக்கு ஒண்ணும் இல்ல. தீயணைப்பு ஆபீசருங்க ரெண்டு நாள் சாம்பலைக் கிளறிட்டு 'காரணம் தெரியவில்லை'ன்னு எழுதிட்டுப் போனாங்க. ஊருக்கு அந்தக் காயிதம் எதுக்கு? மித்சுயோ சமையக்கட்டுல பொரிச்சு, வீட்டு முன்பக்கம் உருளைக்கிழங்கு கட்லட் கடை நடத்துனவ. எண்ணெய்ச் சட்டி இருக்குற வீட்ல தீ எப்படி வந்துச்சுன்னு யாருக்குத்தான் தெரியாது?

கேஸை அணைச்சேன்னு அவ சொன்னா. சத்தியமா அணைச்சேன்னா. ஒருத்தரும் மறுத்துப் பேசல. "ஆமா ஆமா, அதுக்கென்ன இப்போ"ன்னு சொன்னாங்க. அது இன்னும் மோசம். எந்த வீட்ல தீ பிடிச்சுச்சோ அந்த வீட்டுக்காரங்க மறுநாள் காலைல தெரு முழுக்கப் போய்த் தலை குனியணும். முப்பத்தோரு வாசல். அவ முன்னாடி, அவரு அரை அடி பின்னாடி. தலைமுடியில கரி வாசம் போகல அவளுக்கு. ஒவ்வொரு வாசல்லயும் "எங்களால உங்களுக்குக் கஷ்டம், மன்னிச்சுடுங்க"ன்னு அவதான் சொன்னா. அவரு ஒரு வார்த்தை பேசல. பொண்டாட்டியக் காட்டிக்குடுக்க மனசு வராம பேசாம நிக்குறாருன்னு நெனச்சு அவளுக்கு அன்னிக்கு அழுகையே வந்துச்சு. அப்புறம் அவ கட்லட் கடையத் திறக்கவே இல்ல. ஆஸ்பத்திரி கேன்டீன்ல பாத்திரம் கழுவப் போறா. ராத்திரி படுக்குறதுக்குள்ள கேஸ் திருகை அஞ்சு தடவை தொட்டுப் பாக்குறா. தொட்டுட்டு வந்தும், தொட்டமான்னு ஒரு சந்தேகம்.

அட்டையை அக்குள்ல இடுக்கிக்கிட்டு, கட்டியிருந்த ஏப்ரனோடயே கோயில் முற்றத்துக்குப் போனா. விரிச்ச பாய் மேல ரெண்டு புலித் தோலும் மஞ்சத் துணியும் கறுப்புக் கோடுமா சுருண்டு கெடந்துச்சு. புலிச் சங்கத்துத் தலைவர் தொயாமா, சாராயக்கடைக்காரர், நடுவுல உக்காந்து எல்லாருக்கும் அரிசிச் சாராயம் ஊத்திக்கிட்டு இருந்தாரு. அவ அட்டையை அவரு முன்னாடி பொத்துன்னு போட்டா.

"தொயாமா அண்ணே, இதுல என் வீடு எங்க?"

"வாம்மா, வா. காலைலயே வந்துருக்க. உக்காரு, ஒரு வாய் சாக்கே..."

"உக்கார வரல. வீடு எங்கன்னு கேட்டேன்."

பின்னாடிலேர்ந்து ஒரு குரல். "புலிக்கே பயமாம்ப்பா. ஏறினா கட்லட்டா எறங்கணுமேன்னு." நாலஞ்சு பேரு சிரிச்சாங்க.

"யாரு அது? சைக்கிள் கடை சகுமாவா?" மித்சுயோ திரும்பல. "எங்க வீடு எரியுறப்போ தொண்டர் படைத் தண்ணிக் குழாயோட முனையத் தொலைச்சுட்டுப் புல்லுக்குள்ள தேடிக்கிட்டு நின்னியே, அந்த சகுமாதானே? கண்டுபிடிச்சிட்டியாப்பா?"

இப்போ எல்லாரும் சகுமாவைப் பாத்துச் சிரிச்சாங்க. தொயாமா மட்டும் சிரிக்கல. "அது வந்தும்மா, உங்க வீட்ல புது ஓடு போட்டுருக்கு. வழுக்கும்..."

"சகுமா வீட்டுத் தகரத்துல ஏறுற புலிக்கு என் ஓடு வழுக்குதாக்கும்!" அவ குரல் முற்றம் முழுக்கக் கேட்டுச்சு. குழல் ஊதிப் பாத்துக்கிட்டு இருந்தவன்கூட நிறுத்திட்டான். "முப்பத்தோரு வாசல்ல இந்தத் தலை குனிஞ்சுச்சு. உங்க வாசல்லயும்தான். 'போனது போகட்டும்மா'ன்னு சொன்னீங்களே, அது பொய்யா? இன்னும் எத்தனை தடவை குனியணும்? சொல்லுங்க, இங்கயே குனியுறேன். இந்தப் புலிக்கும் சேத்துக் குனியுறேன். என் வீடு ஊர்ல இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க!"

"ஏம்மா என் வாயைக் கிளறுற?" தொயாமாவுக்கும் கோவம் வந்துடுச்சு. "உன் வீட்டை நானா எடுத்தேன்? உன் புருஷன்தான் ஜனவரியில வந்து, புலித் தலை வேணாம், எங்க கூரையும் வேணாம்னு காலைப் பிடிக்காத கொறையா கெஞ்சினாரு. உன்கிட்ட சொல்லலேன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

ஷிகேஹரு கோயிலுக்குப் பின்னாடி, தீயணைப்புத் தொண்டர் படையோட பம்பு வண்டிகிட்ட இருந்தாரு. தொளதொள நீலச் சட்டை போட்டுக்கிட்டுத் தண்ணிக் குழாயைச் சுருட்டிக்கிட்டு இருந்தாரு. அவ வந்து நின்னது தெரிஞ்சும் கை நிக்கல.

"ஏங்க. நம்ம வீடு வேணாம்னு நீங்களா சொன்னீங்க?"

"ம்."

"எதுக்கு?"

அவரு குழாயைச் சுருட்டி முடிச்சாரு. அப்புறம் அதைத் திரும்பவும் பிரிச்சாரு. "அந்தக் கூரைல நின்னு காத்தே அடங்குன்னு என்னால ஆட முடியாது மித்சு. வேற ஒருத்தன் ஆடுறதை என்னால பாக்கவும் முடியாது."

"அதான் எதுக்குன்னு கேக்குறேன்."

"மெழுகுவத்தி."

புலித் தலையைத் தூக்குறவன் கெளம்புறதுக்கு முன்னாடி வீட்டுச் சாமிக்கு மெழுகுவத்தி ஏத்திக் கும்பிட்டுட்டுப் போகணும். கெளம்புறப்போ அணைக்கணும். வாயால ஊதக் கூடாது, மூச்சு பட்டா எச்சில். கையாலதான் வீசி அணைக்கணும். "மேளம் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு வீசு வீசுனேன். அணைஞ்சுருச்சுன்னு நெனச்சு ஓடிட்டேன். கூரை மேல நிக்குறப்போ புகை தெரிஞ்சுது. அப்பவே தெரிஞ்சுடுச்சு."

"அப்பவேன்னா?"

"புலிக்குள்ள இருக்கும்போதே."

மித்சுயோ தன்னோட வலது கையைப் பாத்தா. கேஸ் திருகைத் திருப்புற கை. ஒரு வருஷமா அந்தக் கையை அவ நம்பல. பாத்திரம் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்துச்சு. அது அணைச்சுருக்கு. அன்னிக்கு ஒழுங்கா அணைச்சுருக்கு.

"முப்பத்தோரு வீடு"ன்னா அவ.

"மொத வீட்லயே சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ முந்திக்கிட்ட."

"நான் முந்திக்கிட்டேனா?" "சரி, மொத வீட்ல முந்திக்கிட்டேன். ரெண்டாவது வீட்ல? பத்தாவது வீட்ல? கடையை மூடுனப்போ? 'கேஸை மூடுனேனா, கொஞ்சம் பாருங்க'ன்னு ராத்திரி உன்னையத்தானே எழுப்புனேன்! நீயும் எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வந்து 'மூடித்தான் இருக்கு, தூங்கு'ன்னு சொன்னியே! எப்படிய்யா சொன்ன? ஊதித் தொலைச்சுருக்க வேண்டியதுதானே! உன் எச்சில் பட்டா சாமி செத்தா போயிடும்?"

அவரு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாரு. போன வருஷம் அரை அடி பின்னாடி நின்ன அதே நிப்பு. அதைப் பாத்ததும் அவ அவரு சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்தா.

மேளம் தெருவுக்குள்ள எறங்கிடுச்சு. "திருவிழா முடியட்டும் மித்சு, சாயங்காலம் நானே..."

"நான் மறுநாள் காலைலயே போனேன். ஒனக்கு ஒரு வருஷம் குடுத்தாச்சு."

அவங்க போய்ச் சேர்றப்போ புலி ஒனோதெரா கூரை மேல ஆடிக்கிட்டு இருந்துச்சு. கீழே ஒனோதெராவும் சிசுருவும் வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல கொட்டகை இருந்த எடம் காலி மண்ணா கெடந்துச்சு. மித்சுயோ புருஷனை முன்னாடி தள்ளிட்டு, அவ நகந்து நின்னுக்கிட்டா.

"சொல்லு."

ஷிகேஹரு தொப்பியைக் கழட்டிக் குனிஞ்சாரு. ஏதோ சொன்னாரு. ஒனோதெரா காதுகிட்ட கையை வச்சுக்கிட்டு, "என்ன? மேளத்துல ஒண்ணும் கேக்கல"ன்னாரு.

"கேக்கலயாம்"னா மித்சுயோ.

"மெழுகுவத்தி!" ஷிகேஹரு கத்தினாரு. குரல் ஒடைஞ்சு வந்துச்சு. "நான் ஏத்துன மெழுகுவத்தி! அவ சட்டி இல்ல. நான்தான் அணைக்கல!"

மேளக்காரன் கை நின்னுச்சு. கூரை மேல புலியோட முன்னங்கால் நின்னுபோச்சு. பின்னங்காலுக்கு வெவரம் தெரியாம இன்னும் ரெண்டு எட்டு வச்சு, முன்னங்கால் மேல மோதி நின்னுச்சு. ஒனோதெரா காலி மண்ணைப் பாத்தாரு, குனிஞ்ச தலையப் பாத்தாரு. சிசுரு என்ன பண்றதுன்னு தெரியாம மித்சுயோவைப் பாத்துக் குனிஞ்சா. பழக்கதோஷம், மித்சுயோவோட இடுப்பும் வளைய ஆரம்பிச்சுடுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிமிந்தா. நிமிந்து நிக்குறது முதுகுல வலிச்சுது.

அப்புறம் அவ யாரையும் பாக்காம நடந்தா. தன் வீட்டைத் தாண்டி, சகுமா சைக்கிள் கடை முன்னாடி போய், தொங்குற டயருக்கு நடுவுல நின்னு கதவை உள்ளங்கையால தட்டினா. சகுமா பொண்டாட்டி கதவைத் தள்ளித் திறந்து, ஈரக் கையோட எட்டிப் பாத்தா.

"என்ன மித்சுயோ?"

"இருங்க. அவரு வருவாரு. இன்னும் முப்பது வாசல் இருக்கு."

ரெண்டு பேரும் தெருவைப் பாத்தாங்க. மேளம் இன்னும் ஆரம்பிக்கல. மலைப் பக்கத்துலேர்ந்து காத்து எறங்கி, தோரணக் காயிதத்தையெல்லாம் ஒரு பக்கமாத் தள்ளிக்கிட்டு வந்துச்சு. ஒனோதெரா வாசல்ல குனிஞ்சு நின்ன ஷிகேஹருவோட நீலச் சட்டையைத் தூக்கி, அவரு தலை மேலயே கவுத்துச்சு. அவரு இன்னும் நிமிரல.