என் முன்னிலையில்

1

பட்டா நகல் ஒன்றில் கையெழுத்துப் போட மறுத்து, "அசலைக் கொண்டாங்க" என்று ஒரு நோட்டரி என்னைத் திருப்பி அனுப்பினார். அந்தக் கோபத்தில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

'கோவை கோர்ட்டு வாசலில், கேட்டவர்க்கெல்லாம் முத்திரை குத்தித் தரும் சென்னகிருஷ்ணன்...'

(நிற்காது. என்னைத் திருப்பி அனுப்பியவர் அப்படிப்பட்டவர் இல்லையே.)

2

மறுபடியும். 1994. வக்கீல் சென்னகிருஷ்ணன் நோட்டரியும்கூட. கோட்டைமேட்டில் மரக்கடை வைத்திருந்த யூனுஸ் அவர் மேசையில் ஒரு பவர் பத்திரத்தை வைத்தார். தங்கை தாஜுன்னிசா தன் வீட்டை விற்க அண்ணனுக்கு அதிகாரம் தருகிறாளாம். கீழே கையெழுத்தும் இருந்தது.

"சீல் மட்டும் வெச்சுக் குடுத்துடுங்க."

"அவங்க எம்முன்னால போடோணுமுங்க."

"காய்ச்சலுங்க. எந்திரிக்க முடியலீங்க."

"அப்ப நானே வாரேனுங்க."

(நோட்டரியின் வேலை இவ்வளவுதான்: இன்னார் மனமுவந்து என் கண்ணெதிரே கையெழுத்திட்டார் என்று சொல்வது. பார்க்காததை எழுதக் கூடாது. என் பிழைப்புக்கு நேர் எதிர்.)

3

காய்ச்சல்காரி வாசலில் நின்று மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். யூனுஸின் முகம் (உவமை சிக்கவில்லை) சிறுத்துப்போனது.

உள்ளே போனதும் சென்னகிருஷ்ணன் பத்திரத்தை நீட்டினார். "அம்மணி, இது உங்க கையெழுத்துங்களா?"

அவள் தாளைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். இல்லை என்றால் அண்ணன் ஜெயிலுக்கு. ஆமாம் என்றால் வீடு போச்சு. கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று சென்னகிருஷ்ணனுக்கே தோன்றிவிட்டது.

"முழுசும் படிச்சுக் காட்டுங்க."

படித்தார்.

"கடை நொடிஞ்சு கெடக்குதுன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல, அண்ணே?" என்றாள். பிறகு வக்கீல் பக்கம் திரும்பி, "ஊட்டுக்கு முன்னால இருக்கற ரெண்டு கடைக்கும் அண்ணன் வாடகை வாங்கிக்கட்டும். அப்பிடி வேற எழுதுங்க. விக்கறதுக்கு நான் ஒத்துக்கலீங்க."

புதிதாக எழுதிய பத்திரத்தில் அவள் நிதானமாகக் கையெழுத்திட்டாள். சென்னகிருஷ்ணன் முத்திரை வைத்தார்.

"அந்தப் பழசை எங்கிட்டயே குடுத்துடுங்க" என்றாள்.

கொடுத்தார்.

4

முடிவு (அ): யூனுஸ் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழ... (அழுகிற ஆளில்லை.)

முடிவு (ஆ): அவள் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு... (அவளும் அப்படியில்லை. அப்படியா?)

சென்னகிருஷ்ணன் "வாரேனுங்க" என்று சொல்லி மொபெட்டைக் கிளப்பிவிட்டார். அவர் பார்த்ததை மட்டும்தான் என்னால் எழுத முடியும். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

படிக்கிற நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். அடுப்பு எரிகிறது. பீரோவும் திறந்திருக்கிறது. தாஜுன்னிசா கையிலிருக்கும் பழைய பத்திரத்தையே யூனுஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இதை என்ன பண்ணட்டும், அண்ணே?" என்று அவள் கேட்டால், பதில் உங்கள் காதில்தான் விழும்.